இல்லாத காலுக்கும் இடம்

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, குனிந்து, காற்றில் எதையோ கழற்றிக்கொண்டிருந்த அண்ணியின் விரல்கள்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த புதிது. மழைக்கு முந்தைய புழுக்கமான பிற்பகல். அவருடைய வலது கால் தரையில் இருந்தது. இடது கால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே கட்டோடு முடிந்திருந்தது. அதற்கும் கீழே, பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அவர் விரல்கள் ஒரு வாரைத் தேடி, பக்கிளை நிமிண்டி இழுத்துக்கொண்டிருந்தன. வாசலில் நான் நிற்பதைக் கண்டதும் கையை மடிக்குக் கொண்டுபோனார். "ஷூ கடிக்குது பாப்பா," என்றார். அழவில்லை. வேண்டாத விருந்தாளி ஒருவர் வந்திருப்பதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

எனக்கு இருந்தது ஒரே அண்ணன். சிதம்பரத்தில் அவன் நண்பனுக்குக் கல்யாணம் என்று திருப்பாதிரிப்புலியூர்க் கடையொன்றில் அண்ணிக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்தான். முனை குறுகிய, பளபளப்பான ஷூ. போட்டுப் பார்த்தபோதே பக்கவாட்டில் பிடித்தது. "லெதர்தானே, போகப் போக எளகிடும்" என்று கடையில் சொன்னதை இருவரும் நம்பினார்கள். கல்யாண வீட்டில் நாள் முழுதும் அதோடு நின்றுவிட்டு மாலையில் பைக்கில் திரும்பினார்கள். வழியில் அண்ணி, "மாமா, எடது காலு ரொம்பக் கடிக்குது. நிறுத்துங்க, கழட்டிடறேன்," என்றிருக்கிறார். "தோ வந்துட்டோம். வூட்டுக்குப் போயி கழட்டிக்கலாம்," என்றானாம் அவன், திரும்பிப் பார்க்காமலே. அடுத்த வளைவில் எதிரே கரும்பு லாரி வந்தது. அண்ணன் அந்த இடத்திலேயே போய்விட்டான். அண்ணியின் இடது காலை மருத்துவர்களால் மீட்க முடியவில்லை.

வெட்டி எடுத்த கால் கடைசியாக எதை உணர்ந்ததோ, அதையே சிலருக்கு வருடக்கணக்காக உணர்த்திக்கொண்டிருக்கும் என்று மருத்துவர் எங்களுக்கு விளக்கினார். மூளைக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை என்றார். அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. ஆனால் வீட்டில் வேறு ஏதோ நடப்பதாகத்தான் எனக்குப் பட்டது. அண்ணியின் மற்ற உடல் எங்களோடு திரும்பி வந்துவிட்டது. அந்தப் பாதம் மட்டும் அந்தச் சாலையிலேயே, அந்த ஷூவுக்குள்ளேயே இருந்தது. அதற்கு முன்னால் அண்ணனின் முதுகு இருந்தது. சட்டை காற்றில் உப்பியிருந்தது. அவன் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டுதான் இருந்தான். சோறு பரிமாறும்போதோ, விடைத்தாள் திருத்தும்போதோ அண்ணி திடீரென்று பல்லைக் கடித்தால், அவன் இப்போது எங்கே வந்துகொண்டிருக்கிறான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு அண்ணி பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பினார். எடையெல்லாம் வலது கால் மேலேயே விழுந்ததில் அந்தப் பாதம் பரந்து அகன்றுவிட்டது. பழைய செருப்பும் ஷூவும் எதுவும் சேரவில்லை. சுண்டுவிரல் ஓரம் தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்தது. இதைப் பார்த்துப் பயந்துபோனவர், கால் செய்து கொடுத்த டெக்னீஷியன்தான். "மேடம், கணுக்கால் வரைக்கும் வர்ற நல்ல லெதர் பூட்ஸா வாங்கிடுங்க. கயிறு கட்டுற மாதிரி. இருக்குற காலுக்குப் பாத்து அகலம் எடுங்க. ரப்பர் கால் பக்கம் லூசா இருந்தா உள்ள துணி வச்சிக்கலாம். இந்தக் கால்ல புண்ணு பெருசாச்சுன்னா எதுல நிப்பீங்க?" என்றார்.

ஒரே நீளத்தில் இரண்டு மூன்று அகலம் வைத்திருக்கும் கடை சிதம்பரத்தில் இருக்கிறது என்று பள்ளியில் யாரோ சொன்னார்கள். சிதம்பரம் என்றதும் நான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன். "ரயில்ல போவலாம்," என்று மட்டும் சொன்னார். அந்தச் சாலையை நாங்கள் அதுவரை தொடவில்லை. ரயிலிலும், தார்ச்சாலை தண்டவாளத்தை ஒட்டி வந்த இடங்களில் இருவரும் மறுபக்க ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

கடைக்காரர் லால்பேட்டையைச் சேர்ந்த ஒரு பாய். நரைத்த தாடி, மெதுவான பேச்சு. "சாயங்காலமா வந்தீங்க, நல்லது. காலைல கால் சின்னதா இருக்கும், பொழுது சாயச் சாய வீங்கும். இப்ப சேர்ந்தா எப்பவும் சேரும்மா," என்று உட்கார வைத்தார். அண்ணி தன் எண்ணைச் சொன்னார். அகலம் தெரியாது என்றதால் முதலில் சாதாரண அகலத்தில் ஒரு ஜோடி வந்தது. கரும்பழுப்பு, கெட்டியான தோல், கை வைத்தால் எண்ணெய் மணத்தது. அண்ணி சேலையை லேசாகத் தூக்கி இரண்டையும் போட்டுக்கொண்டு என் தோளைப் பிடித்து எழுந்து நின்றார்.

"வலது எப்டிம்மா?"

"ஓரத்துல பிடிக்குது."

"சரி. எடது?"

"எடதுதான் ஜாஸ்தி. வெரலெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கிட்டு நசுக்குது."

பாய் குனிந்து கட்டை விரலால் இடது பூட்ஸின் முன்பக்கத்தை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். உள்ளே இருந்தது சதை இல்லை என்று அவர் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப அதுக்கும் எடம் உடணும்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அடுத்த ஜோடியைக் கொண்டுவந்து, நீளம் அதேதான், பெரிய நம்பர் எடுத்தால் குதிகால் கழன்று கழன்று வரும், அகலம்தான் கூட வேண்டும் என்றார். அவரே மண்டியிட்டு இரண்டு காலுக்கும் கயிறு கட்டினார். அண்ணி எழுந்து நின்றார். கண்ணை மூடினார். சாலையில் பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவர் முகத்தில் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று, அது இறுகியிருந்தது என்பதே எனக்கு மறந்துபோகும் அளவுக்குப் பழகிவிட்ட ஒன்று, தளர்ந்து இறங்கியது.

"கடிக்கறது நிண்ணுருச்சு," என்றார். உடனே உட்கார்ந்து கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். "வேணாம். மொதல்ல குடுத்தீங்களே, அதையே குடுங்க."

"அண்ணி, அது பிடிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"பிடிக்கட்டும்." கயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. "இது நிண்ணு போச்சின்னா அவுரு எங்க போவாரு பாப்பா? கடிக்கும்போதுதான் பேசுறாரு. வூட்டுக்குப் போயி கழட்டிக்கலாங்கிறாரு. அதே கொரலு."

அண்ணிக்கு மட்டும்தான் வலி, எனக்கு வெறும் துக்கம் என்று நான் அதுவரை நினைத்திருந்தேன். அண்ணனின் குரல் தினமும் கேட்கும் இடம் ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அது மூடிவிடும் என்றதும் என் கையும் அந்த முதல் ஜோடியின் பக்கம் போனது. பாய் கடை வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அண்ணி முதல் ஜோடியின் வலது பூட்ஸை எடுத்துக் காலருகே கொண்டுபோனார். காலுறையின் ஓரத்தில், சுண்டுவிரல் இருக்கும் இடத்தில், சிவப்பாக ஒரு ஈரப் புள்ளி படர்ந்திருந்தது. முதல் தடவை போட்டதிலேயே புண் மறுபடி உடைந்துவிட்டது. அதை அண்ணி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அவுரு இருந்தா இதப் பாத்துட்டுச் சும்மா இருப்பாரா? திட்டுவாரு," என்றார். பிறகு அகலமான ஜோடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கடையிலிருந்து அதைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தார். திரும்பும் ரயிலில், கடலூர் நெருங்கும்போது, பேச்சு நடுவில் அறுந்த தொலைபேசியை வைத்திருப்பவர்போல, தலையை லேசாகச் சாய்த்து எதையோ கேட்க முயன்றுகொண்டிருந்தார்.

அதன்பின் அந்தக் கடி திரும்பி வரவில்லை. புண் ஆறியது. அண்ணி மாடிப்படி ஏறினார், பள்ளி விளையாட்டு விழாவில் மைதானத்தைச் சுற்றி நடந்தார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நானும் பட்டேன். ஆனால் வீட்டில் ஒருவர் குறைந்துவிட்டது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தது. அண்ணனை இரண்டாம் முறை அடக்கம் செய்துவிட்டு வந்தவர்களைப்போல் சில வாரம் ஒருவரை ஒருவர் தவிர்த்தோம்.

இந்த நவம்பரில், கல்லறைத் திருநாளன்று, சாமந்தியும் மெழுகுவர்த்தியும் வாங்கிக்கொண்டு இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். முந்தைய நாள் நல்ல மழை. வரிசை வரிசையாகக் குடும்பங்கள் நின்றிருந்தன. மெழுகின் வாசமும் சாம்பிராணியும் ஈரக்காற்றில் கலந்திருந்தன. நடைபாதையும் அண்ணன் கல்லறையைச் சுற்றிச் சிமெண்ட் பூசிய இடமும் மட்டும் வெயிலில் காய்ந்திருந்தன. அண்ணி அந்தச் சிமெண்டில் ஏறி நின்று மெழுகுவர்த்தியை ஏற்றினார். அவர் உதடுகள் அசைந்தன. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. சட்டென்று என் கையை இறுகப் பிடித்தார்.

"பாப்பா, எடது காலு வெறுங்காலா இருக்கு."

"என்ன அண்ணி?"

"ஷூ இல்ல, கழட்டியாச்சு. மண்ணு தெரியுது. வெரலுக்கு நடுவுல ஜில்லுன்னு சேறு ஏறுது."

நான் குனிந்து பார்த்தேன். இரண்டு பூட்ஸும் காய்ந்த சிமெண்ட் மேல், காலையில் பூசிய பாலிஷ் கலையாமல், ஒரு துளி சேறுகூட இல்லாமல் இருந்தன. அண்ணி என் கையை விடவில்லை. இடது பக்கம் எடையைச் சாய்த்து, மெழுகுவர்த்தி கரைந்து முடியும்வரை அங்கேயே நின்றார்.