பாலோடு விழுங்கிய மாத்திரை

தைராய்டு மாத்திரையை விடிந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு விழுங்க வேண்டும். அதன்பின் ஒரு மணி நேரம் வாயில் எதுவும் போடக் கூடாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே எனக்கு அது பல் துலக்குவது மாதிரி. கல்யாணமாகி வந்த மாமல்லபுரத்தில், நான் உண்டாகியிருப்பது தெரிந்த மறுநாளே மாமியார் அந்தப் பழக்கத்தை மாற்றினார்.

"வாயும் வயிறுமா கீற. வெறும் வயித்துல மாத்திரை போட்டா கொழந்த இன்னாத்துக்கு ஆவும்?" என்று டம்ளர் நிறையப் பாலோடு வந்து நிற்பார். கால்சியம் மாத்திரையையும் சேர்த்தே கையில் வைப்பார், ஒரே வேலையாக முடியட்டுமே என்று. சொல்லிப் பார்த்தேன், முகம் சுருங்கிவிட்டது. வாசலில் சிறுசேரி போகும் ஆபீஸ் வேன் ஹாரன் அடிக்கும். குடித்துவிட்டு ஓடுவேன்.

எப்போதும் தூக்கம், அசதி. எதிலும் மனம் ஒட்டவில்லை. மசக்கை என்றார்கள். மசக்கையின் தலையில் எதை வேண்டுமானாலும் கட்டலாம்.

மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் தைராய்டு மிகவும் குறைந்திருந்தது. மாத்திரையை எப்படிப் போடுகிறேன் என்று செங்கல்பட்டு டாக்டரம்மா கேட்டார்.

"நான்தான் மேடம் டெய்லி பாலோட குட்துகினு கீறேன்," என்றார் மாமியார், பெருமையாக.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பாலும் கால்சியமும் மாத்திரையை உடம்பில் சேர விடாது என்றார். "ஆரம்பத்துல குழந்தைக்குச் சொந்தமா தைராய்டு சுரக்காது. அம்மாகிட்ட இருந்துதான் எடுத்துக்கும். இதயம் உருவாகுறதும் அப்பதான்." மாத்திரையின் அளவைக் கூட்டி, ஐந்தாம் மாதம் குழந்தையின் இதயத்துக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

அந்த ஸ்கேனுக்குப் போகையில் பஸ் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியபோது மாமியார் மலையைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்கு எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

"கீழறை ரெண்டுக்கும் நடுவுல சின்னதா ஒரு துளை. பெரும்பாலும் தானா மூடிக்கும்," என்றார் ஸ்கேன் டாக்டர்.

"நான் குட்த பாலாலயா சார்?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. தைராய்டு நல்லா இருக்கிறவங்க குழந்தைக்கும் வரும்."

அது மாமியாருக்குப் போதவில்லை. என்னைப் பார்த்தார். 'உங்களால இல்ல, அத்தே' என்று நான் சொல்லியிருந்தால் போதும். எனக்குக் கோபம் இல்லை. அழுகையும் வரவில்லை. வயிற்றில் தடவியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது. துளை முழுதாக மூடிவிட்டது என்று போன மாதம் சொன்னார்கள். மாமியார் ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, மறுபடி என்னைத்தான் பார்த்தார். நான் குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.