வலிக்காது என்று சொல்லும் வேலை

பி.காம் படித்தவள் என்றால் எல்லோரும் கணக்கு எழுதும் வேலையைத்தான் காட்டுகிறார்கள். எண்களைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். பேசச் சொன்னால் பேசுவேன். வேங்கிக்காலில் ஒரு பல் டாக்டர், வருகிறவர்களிடம் பேச ஆள் தேவை என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தார். மூன்று வயது மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனேன். போன பத்து நிமிடத்தில் இரண்டு முறை வீட்டுக்கு போன் செய்துவிட்டேன்.

"இன்னைக்கு ஒரு நாள் உக்காந்து பாருங்க. பயந்து எழுந்து போறவங்களை நிறுத்தணும், அதான் முக்கியம்" என்றார் டாக்டரம்மா.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு பெரியவர் கடைவாய்ப்பல் பிடுங்க வந்திருந்தார். உள்ளே யாரோ "ஆ" என்றதும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அய்யா, உக்காருங்க."

"வலிக்குமாம்மா?"

வலிக்காது என்று சொல்லியிருக்க வேண்டும். தெரியாததை எப்படிச் சொல்வது?

"தெரியலைங்க. நான் பல்லு பிடுங்கிக்கிட்டதே இல்ல. மரத்துப்போக ஊசி போடுவாங்க. அந்த ஊசி வலிக்குமான்னா, அதுவும் தெரியலைங்க."

"இங்க எத்தினி நாளா இருக்கிற?"

"காலையில இருந்து."

அவர் செருப்பைத் தேட ஆரம்பித்தார். நான் அவசரமாக, "பௌர்ணமின்னா கிரிவலம் வந்து மலை சுத்துவீங்கல்ல? வெறுங்காலோட அவ்ளோ தூரம் நடக்கிறீங்க, இதுக்குப் போயி..." என்றேன்.

"மலை இன்னா, என் வாயிலியா கைய வுடுது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "போறதுன்னா போங்க. நீங்க போயிட்டா எனக்கு இந்த வேலை கிடைக்காது. ஆனா அதுக்காக உக்காராதீங்க."

"அய்யே, அழுவாதம்மா" என்று அவரே கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

மாலையில் டாக்டரம்மா சிரித்தார். "ஊசி போடும்போதுகூட அந்தப் பெரியவரு, 'வெளிய இருக்கிற பொண்ணு ஜாஸ்தி பயப்படுது, திட்டாதீங்க'ன்றாரு. நாளைக்கு வாங்க."

வீட்டில் கணவர் கேட்டார்: "வேலைல சேத்துக்கிட்டாங்களா?"

"நாளைக்கு வாங்கன்னாங்க."

"சேரவா, இன்னொரு நாள் பாக்கவா?"

அதை நான் கேட்கவில்லை.

"பேசுற வேலைக்குப் போயி இதைக் கேக்காம வந்தியா?"

விடியும்வரை அதையே யோசித்தேன். காலையில் மகளுக்கு இட்லி ஊட்டியபடி, சொல்ல வேண்டியதை நான்கு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, கிளினிக்குக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் டாக்டரம்மாவே மூச்சிரைக்க எடுத்தார்.

"மேடம், நான்... இன்னைக்கு எதுக்கு வரணும்னு கேக்கத்தான்..."

"இந்த போனை எடுக்கத்தாம்மா!"