பேக்கப் பேக்கு

அந்த மன்றத்தில் நான் சேர்ந்தது சண்டை பார்க்கத்தான். சந்தேகம் தீர்த்துக்கொள்ளப் போனேன் என்று வெளியே சொல்லிக்கொள்வேன், அது பாதிதான் உண்மை. கம்ப்யூட்டர் விஷயங்களைத் தமிழில் பேசுவதற்கென்று இணையத்தில் இருக்கும் மன்றம் அது. ஒருவர் வந்து, "என் சர்வர் படுத்துவிட்டது, என்ன செய்ய?" என்று கேட்பார். "சர்வர் என்று எழுதாதீர்கள், வழங்கி என்று எழுதுங்கள்" என்று முதல் பதில் வரும். "வழங்கி தப்பு, சேவையகம்தான் சரி" என்று அடுத்த பதில். பிறகு ஐம்பது பேர் வரிசையாக வந்து வேர்ச்சொல்லைத் தோண்டுவார்கள். யாருடைய தமிழ் உண்மையான தமிழ், யாருடையது கலப்படம் என்று கச்சேரி களைகட்டும். கேட்டவருடைய சர்வர் படுத்தபடியே கிடக்கும். மைசூர் ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து, எங்கேயோ இருக்கிறவர்களுடைய மெஷின்கள் மூச்சு விடுகின்றனவா என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு அந்த மன்றம்தான் எனக்கு ஊறுகாய்.

போகப் போக நானும் எழுத ஆரம்பித்தேன். புனைபெயரில்தான். எனக்கு அங்கே இரண்டு விதத்தில் மரியாதை இருந்தது. ஒன்று, என் பதில்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும். இன்னொன்று, சிரிக்க வைப்பேன். ப்ரோக்ராம் எழுத எந்த எடிட்டர் நல்லது, விண்டோஸுக்குப் பதில் எந்த லினக்ஸ் நல்லது என்று ஆட்கள் முட்டிக்கொள்ளும்போது நடுவில் ஒரே ஒரு வரி போடுவேன். கீழே சிரிப்பு முகங்கள் குவியும். நாற்பத்தைந்து வயதில் அதைப் போய் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஆரம்பத்தில் அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்துத்தான். அப்பா ரயில்வே வேலைக்காக வந்து மைசூரில் தங்கிப்போனவர். நான் படித்ததெல்லாம் கன்னடமும் இங்கிலீஷும். தமிழ் எழுத்து அம்மா கற்றுக்கொடுத்தது. மன்றத்தில் சேர்ந்த முதல் மாதம், "தப்பா நினைக்காதீங்க, சும்னே கேட்டேன்" என்று எழுதிவிட்டேன். சும்மா என்பதற்கு எங்கள் ஊர்த் தமிழர்கள் வாயில் சும்னே என்றுதான் வரும். அது கன்னடம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருக்கும். "சும்னேவா? அது யாரு, சும்மாவோட தங்கச்சியா?" என்று ஒருவன் கேட்டான். ஒரு வாரத்துக்கு நான் எங்கே வாயைத் திறந்தாலும் "தங்கச்சி சௌக்கியமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். உள்ளே எரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் படித்து, கன்னட வாடை இருந்தால் துடைத்துவிட்டுத்தான் போடுவேன். ஊர் எது என்கிற இடத்தைக் காலியாக விட்டேன். நான் சென்னைக்காரன் என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக யார் என்ன கேட்டாலும், "ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று நாலைந்து பேர் போடுவார்கள். கிண்டல்தான். பழையவர்களுக்கு அது தெரியும். யாரும் எதையும் ரீஸ்டார்ட் செய்யமாட்டார்கள்.

ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். புதிதாக ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரிகளை அப்புறம் எத்தனையோ தடவை படித்ததால் எனக்கு மனப்பாடம்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர். லினக்ஸ் மெஷின்ல மார்க் போடற ப்ரோக்ராம் இருக்கு. இடம் பத்தலேன்னு பழைய ஃபைல் எல்லாம் டிலீட் பண்ணினேன். மார்க் ஃபைலும் தப்பா டிலீட் ஆயிடுச்சு. ஆனா ப்ரோக்ராம் ஓடிட்டே இருக்கு, மார்க் ஸ்க்ரீன்ல இன்னும் தெரியுது. நாளைக்கு மார்க் அனுப்பணும். எனக்கு எப்படியாவது பேக்கப் பேக்கு. யாராவது அர்ஜெண்டா சொல்லுங்க."

படித்த உடனேயே எனக்கு இரண்டு விஷயம் புரிந்தது. முதலாவது, இவர் எங்கள் பக்கத்து ஆள். கன்னடத்தில் வேண்டும் என்பதற்கான சொல்லை நாங்கள் வீட்டில் தமிழ் மாதிரியே பேசுவோம். காபி பேக்கா, பேக்கு. வாயால் சொன்னால் குழப்பமே இல்லை. தமிழ் எழுத்தில் எழுதினால்தான் வம்பு, ஏனென்றால் தமிழ்நாட்டில் பேக்கு என்றால் மண்டு. அந்த மன்றத்தில் இருந்த எல்லாருக்கும் அந்த ஒரு அர்த்தம்தான் தெரியும். இரண்டும் தெரிந்தவன் அன்றைக்கு நான் ஒருவன்தான் இருந்திருப்பேன்.

இரண்டாவது, அவருடைய மார்க்குகள் இன்னும் போகவில்லை. லினக்ஸில் ஒரு ஃபைலை அழித்தாலும், அதைத் திறந்து வைத்திருக்கிற ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருக்கும் வரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். அதை வெளியே நகல் எடுத்துவிடலாம், இரண்டு நிமிஷ வேலை. ஒரே நிபந்தனை, மெஷினை அணைக்கக் கூடாது. அணைத்தால் போச்சு.

இதை எழுத எனக்கு நாலு வரி போதும். விரல் கீபோர்டின் மேல் இருந்தது. ஆனால் அதற்குள் கீழே ஒருவன், "பேக்கப் பேக்கா? என்னது, புது டிபனா?" என்று ஆரம்பித்திருந்தான். இன்னொருவர், பேக்கப் தமிழில்லை, காப்புநகல் என்றே எழுத வேண்டும் என்று கொடி பிடித்துவிட்டார். வழக்கமான ரீஸ்டார்ட் கோஷ்டியும் வந்தாயிற்று. எனக்கு ஒரு வரி தோன்றியது. நல்ல வரி. வேறு யாராவது முந்திக்கொள்வார்களே என்கிற அவசரத்தில் முதலில் அதைப் போட்டேன்.

"பேக்கு கெடச்சிருச்சு, பேக்கப்தான் இன்னும் கெடைக்கல. மெஷினை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க, ரெண்டுமே தெளிஞ்சிரும்."

ஜோக்கைப் போட்டுவிட்டு அடுத்ததாகச் சரியான பதிலை எழுதுவது என்றுதான் இருந்தேன். இதை நான் சத்தியம் செய்து சொல்லலாம், யார் நம்பப் போகிறார்கள்? டீம் லீடர் வந்து தோளைத் தட்டி, மீட்டிங்குக்கு எல்லாரும் போய்விட்டார்கள் என்றார். எழுந்து போனேன். மீட்டிங்கில் மேஜைக்கடியில் போனைப் பார்த்தேன். சிரிப்பு முகங்கள் ஏறிக்கொண்டே இருந்தன. "தலைவா, உங்களை அடிச்சுக்க ஆள் இல்லை." சந்தோஷமாக இருந்தது. அங்கேயே அந்த நாலு வரியை போனில் தட்டியிருக்கலாம். தட்டவில்லை.

திரும்பி வந்தபோது பன்னிரண்டே முக்கால். எண்பது பதில்களுக்கு நடுவில் அவருடையது ஒன்று இருந்தது. "ஆஃப் பண்ணி ஆன் பண்ணினேன். இப்ப ஸ்க்ரீன்ல எதுவும் தெரியலே. அடுத்து என்ன பண்ணணும்?" அதற்கும் கீழே சிரித்திருந்தார்கள். "நிஜமாவே பண்ணிட்டாங்கப்பா!" பேக்கு என்பதை அவருக்குப் பட்டப்பெயராகவே வைத்துவிட்டார்கள். அவர் அதற்குப் பிறகு எழுதவில்லை.

உடனே உட்கார்ந்து நீளமாக ஒரு பதில் எழுதினேன். அணைக்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருக்கலாம், ஏன் அது வேலை செய்யும், இனி ஏன் முடியாது என்று படிப்படியாக. அதற்கும் பாராட்டு வந்தது. பாடப்புத்தகத்தில் போடலாம் என்றார் ஒருவர். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வரும்போது எனக்குள் வாதாடிக்கொண்டே வந்தேன். பேக்கப் எடுக்காதது அவர் தப்பு. விளையாட்டுக்குச் சொல்வது எது, நிஜம் எது என்று தெரியாதா? ஒரு டீச்சருக்கு? எல்லாம் நல்ல வாதங்கள்தான், ஒன்றும் நெஞ்சில் இறங்கவில்லை.

என் மனைவி மண்டி மொஹல்லாவில் ஒரு சின்ன ஸ்கூலில் சயின்ஸ் டீச்சர். இரண்டு நாள் கழித்து, ராத்திரி சப்பாத்தி சுட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாள். "எங்க கம்ப்யூட்டர் மிஸ் அழுது அழுது மூஞ்சியே வீங்கிப்போச்சு. டென்த் இன்டர்னல் மார்க் பூரா போச்சு. மெஷின் போட்டுக் குடுத்தவன் போனே எடுக்கலையாம். தமிழ்ல ஏதோ குரூப் இருக்காம்ல, நம்மாளுங்கதானேன்னு அதுல கேட்டிருக்காங்க. சும்னே கிண்டல் பண்ணி, ஆஃப் பண்ணச் சொல்லிட்டாங்களாம்."

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மூணு வருஷமா டெம்பரரி. இந்த ஜூன்ல பர்மனென்ட் ஆகவேண்டியது. ஹெட்மிஸ்ட்ரஸ் இப்ப முடியாதுன்னுட்டாங்க. வேற ஆளைப் பாப்பாங்க போல," என்றாள். பிறகு, "எழுதினவனுக்கெல்லாம் வீட்ல அக்கா தங்கச்சி இருக்கமாட்டாங்களா?" என்று கேட்டாள். நான் இன்னும் ஒரு சப்பாத்தி வாங்கிக்கொண்டேன். பசிக்கவில்லை, வாயில் ஏதாவது இருந்தால் பேச வேண்டியதில்லை.

மார்க் அனுப்ப அவகாசம் வாங்கி, சனிக்கிழமை எல்லாவற்றையும் மறுபடி ஏற்றுவதாக ஏற்பாடு. "நீங்களும் வாங்க, கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு" என்று மனைவி கூப்பிட்டாள். சாக்கு சொல்லலாம் என்று வாயெடுத்தேன், முடியவில்லை. ஸ்கூட்டர்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவில் வளைந்து போய், ஒரு சந்துக்குள் இருந்த ஸ்கூல் வாசலில் வண்டியை நிறுத்தினோம். சில டீச்சர்கள் மார்க் தாளை வைத்திருந்தார்கள். கிழித்துப்போட்டவர்கள் பிள்ளைகளுடைய நோட்டுகளைத் திரும்ப வாங்கித் திருத்திக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் ரூம் பக்கம் ஒருவரும் சிரித்த முகத்தோடு பார்க்கவில்லை.

கம்ப்யூட்டர் மிஸ்ஸுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். "வாங்க சார், உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மனைவி நோட்டு திருத்த வேறு ரூமுக்குப் போனாள். நான் வரிசை எண்ணையும் மார்க்கையும் வாசிக்க, அவர் டைப் செய்தார். வேகமான விரல்கள். ஒவ்வொரு பத்து எண்ணுக்கும் நிறுத்தி, பென்டிரைவில் நகல் எடுத்தார். முதல் செக்‌ஷன் முடிந்ததும் தயங்கித் தயங்கி போனை எடுத்தார்.

"சார், உங்களுக்கு இதெல்லாம் தெரியும்னு மிஸ் சொன்னாங்க. ஒருத்தர் கடைசியில இப்படி எழுதியிருக்கார். இது நிஜமா சார்? ஆஃப் பண்ணாம இருந்திருந்தா எல்லாம் வந்திருக்குமா?"

நான் எழுதிய நீளமான பதில். படிப்பதுபோல் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இல்லை, எப்படியும் போயிருக்கும் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும்தான். அதற்கும் எனக்குத் தைரியம் வரவில்லை.

"நிஜம்தாங்க," என்றேன். "அது நான்தான் எழுதினேன். மேல இருக்கிற அந்த ஜோக்கும் நான்தான்."

அவர் போனைத் திருப்பி வாங்கி, அந்தப் புனைபெயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க இங்கேயே பொறந்து வளர்ந்தவர்னு மிஸ் சொல்வாங்க."

"ஆமா."

"அப்ப பேக்குன்னா உங்களுக்குப் புரிஞ்சிருக்கும்."

"புரிஞ்சுது," என்றேன். மன்னிப்புக் கேட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸிடம் வந்து நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சொல்லுங்க சார். அவங்க கேப்பாங்களான்னு தெரியலே." கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது. கீபோர்டைப் பார்த்தபடியே மெதுவாகப் பேசினார். "ரீஸ்டார்ட் பண்ணுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு நெறைய பேர் போட்டாங்க சார். விளையாட்டுன்னு எனக்குத் தெரிஞ்சுது, நான் பண்ணலே. ஒரு வருஷமா அங்க எல்லாம் படிச்சிட்டு இருக்கேன். உங்க பதில் மட்டும் எப்பவும் சரியா இருக்கும். நீங்க சொன்னதாலதான் சார் ஆஃப் பண்ணினேன்."