டோக்கன் இல்லாத காதலன்

டைம் டிராவல் கதை என்றாலே எனக்குத் தலை சுற்றும். நேற்றைக்குப் போனவன் நாளைக்கு எப்படி வந்தான் என்று யோசித்து முடிப்பதற்குள் இன்டர்வெல் வந்துவிடும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சுரங்க ஊரின் ஸ்கெலட்டன் குடியிருப்பு சர்ச் ஹாலில் ஒரு நாடகம் பார்த்தேன்... அசந்துபோனேன்.

எழுதியது ஷெர்லி. எதிர் வீட்டுப் பெண். தினமும் ரயிலில் பெங்களூர் போய் வேலை பார்க்கிறவள். கதாநாயகியும் அவளே.

நாடகத்தில் அவள் மூடிக் கிடக்கும் சுரங்கத்தில் செல்ஃபி எடுக்கப் போகிறாள். அங்கே கேஜ் — ஆட்களை உள்ளே இறக்கும் கூண்டு — அவளை வெள்ளைக்காரன் காலத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஒரு தொழிலாளியோடு காதல். அவன் தன் பித்தளை டோக்கனை நினைவுப் பரிசாகத் தருகிறான். பிறகு அவளோடு நம் காலத்துக்கே வந்துவிடுகிறான். காலை ரயில் கூட்டத்தைப் பார்த்து வாய் பிளக்கிறான்.

"இத்தினி பேரு போறாங்களே... பெங்களூர்ல சுரங்கம் எவ்ளோ ஆழம்?"

ஹாலே சிரித்தது. தினமும் அந்த ரயிலில் போகிறவர்கள் இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

கதாநாயகன் பிரகாஷ். மேடைக்கு வெளியேயும் அவன்தான் ஷெர்லியின் காதலன். அவளுடைய அப்பா சாலமன் அண்ணன் மட்டும் மசியவில்லை. "பையன் வேற கோயிலு" — அதாவது வேறு சர்ச் சபை — என்று ஒரே பேச்சு.

"கலகலன்னு போற கதையில கடைசியில ரெண்டு பேரையும் ஏம்மா பிரிச்சுட்ட?" என்று, எழுதியதைப் படிக்கத் தந்தபோதே அவளைக் கேட்டிருந்தேன்.

"எங்கப்பா ஒத்துக்கிற மாதிரி முடிவு எழுதத் தெரியல அங்கிள்."

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? நாடகத்தில் கேஜை ஏற்ற இறக்க மணி அடிப்பவர் சாலமன் அண்ணன். சுரங்கம் மூடும்வரை நிஜமாகவே அந்த வேலை பார்த்தவர். மணியை வேறு யாராவது தப்பாக அடித்துவிடுவார்களோ என்று தானாகவே வந்து நின்றுகொண்டார். ஒத்திகைக்கு மட்டும் வரவில்லை. "மணி அடிக்க இன்னாத்துக்கு ஒத்திகை?"

கடைசிக் காட்சி. சங்கு ஊதுகிறது. பிரகாஷ் தன் காலத்துக்குத் திரும்ப வேண்டும். கண்ணீரோடு கேஜில் கால் வைக்கிறான். சாலமன் அண்ணன் குறுக்கே கை நீட்டினார்.

"டோக்கன்?"

வசனத்தில் இது கிடையாது. ஆனால் சுரங்கத்தில் உண்டு. இறங்குகிறவன் டோக்கனைக் கொடுக்க வேண்டும், மேலே வந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரிவதே அதை வைத்துத்தான். அது இல்லாமல் அவர் யாரையும் இறக்கியதில்லை.

பிரகாஷ் திருதிருவென்று விழித்தான். "அது... அவங்ககிட்ட குடுத்துட்டேங்க."

"போயி வாங்கினு வா. டோக்கன் இல்லாதவன எறக்க மாட்டேன்."

எல்லோரும் ஷெர்லியைப் பார்த்தோம். டோக்கனைக் கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"தர மாட்டேம்பா."

மேடையில் அப்பா என்றே கூப்பிட்டுவிட்டாள். சாலமன் அண்ணன் மகளின் கையையே பார்த்தார். பிறகு மணிக் கயிற்றை விட்டார்.

"அப்போ இங்கியே இருக்கட்டும்" என்று கேஜ் கதவைச் சாத்தினார்.

அப்புறம் எழுந்த விசில் சத்தத்தில் மிச்ச வசனம் எதுவும் காதில் விழவில்லை.

மறுநாள் டீக்கடையில் கேட்டேன். "பழக்க தோஷமா, வேணும்னே செஞ்சீங்களாண்ணே?"

"கேட்டது பழக்கத்துல. சாத்தினது பாப்பா மூஞ்சியப் பாத்து" என்றவர், டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "பையன் வீட்ல பேச வரச் சொல்லிட்டேன்."

காலத்தையே தாண்டி வந்த பையனுக்கு எங்கள் எதிர் வீட்டு வாசலைத் தாண்டுவதுதான் பெரிய பாடாகிவிட்டது.