நாற்பதாவது பெயர்

1. பட்டன் ஓடிய கதை

ஜொகூர் பாருவில் ஆப் டிசைன் அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாள், பாஸ் என் மேசைக்கு வந்து நின்றார். பெயர் லெட்சுமி, வயது இருபத்தொன்பது. எனக்கு முப்பத்தெட்டு. அவர் என்னை அண்ணே என்பார், நான் அவரைப் பாஸ் என்பேன். இந்த முறைக்கு இருவரும் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டோம்.

வேலை இதுதான். சிங்கப்பூர் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் முதலாளி ஒருவருக்கு, டிரைவர் பார்க்க ஓர் ஆப். மேலே பஸ் நம்பர், நடுவில் பயணிகள் பெயர், கீழே பச்சை நிறத்தில் 'ஜாலான்', அதாவது கிளம்பு, என்று ஒரு பட்டன். எல்லாரும் ஏறியதும் அதைத் தட்டிவிட்டுக் கிளம்ப வேண்டும். விரலால் தள்ளினால் பெயர்கள் மட்டும் ஓடணும், பட்டன் அசையக்கூடாது என்பது முதலாளியின் கட்டளை. முதலில் புரோட்டோடைப், அதாவது தட்டிப் பார்க்கக்கூடிய மாதிரி, செய்து காட்ட வேண்டும். அவருக்குப் பிடித்தால் எனக்கு நிரந்தர வேலைக் கடிதம். பிடிக்காவிட்டால் மூன்று மாதத்தோடு சரி. பழைய இடத்துக்கும் திரும்ப முடியாது. கோத்தா திங்கி பேனர் கடைத் தவுக்கே, என் பழைய முதலாளி, என் நாற்காலியில் தன் தங்கை மகனை உட்கார வைத்துவிட்டார்.

பதினோரு வருட பேனர் வேலையில் எனக்கு ஊறிப்போன ஒரு பழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் பிடித்து ஒரே குரூப்பாகக் கட்டிவிடுவேன். பிரிண்டுக்குப் போகும் வழியில் மாப்பிள்ளை ஒரு பக்கமும் மாலை ஒரு பக்கமும் நகர்ந்துவிட்டால் யார் பதில் சொல்வது? இங்கேயும் பெயர், பட்டன், பஸ் நம்பர் எல்லாவற்றையும் கட்டினேன். கைப்பேசியில் போட்டுப் பார்த்தால், விரல் பட்டதும் குடும்பத்தோடு மேலே போகின்றன. பட்டனை நிலையாக நிற்க வைக்கும் தேர்வு மென்பொருளில் இருந்தது, ஆனால் மங்கிப்போய் அழுத்த முடியாமல் கிடந்தது.

பாஸிடம் கேட்கக் கூச்சம். எனக்குத் தெரிந்த வைத்தியத்தைச் செய்தேன். பட்டனைக் காப்பி எடுத்து, இரண்டு பெயருக்கு ஒன்றாகப் பட்டியல் நெடுக ஒட்டிவிட்டேன். எங்கே நிறுத்தினாலும் ஒரு பட்டன் கண்ணில் படும் அல்லவா? பாஸ் வாங்கிப் பார்த்து, நிதானமாகக் கடைசி வரை தள்ளினார்.

"அண்ணே, பட்டன் கேட்டாங்க. நீங்க பட்டன் தோட்டமே போட்டுட்டீங்க."

சிரித்து முடித்தபிறகு பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். குரூப்பை அவிழ்க்க வேண்டும். பட்டனைத் திரையின் வெளிச்சட்டமான ஃபிரேமுக்கு நேரடியாகக் கொண்டுவந்து வைக்க வேண்டும். அந்த ஃபிரேமின் உயரம் கைப்பேசி அளவுதான் இருக்க வேண்டும், பெயர்கள் அதைத் தாண்டி நீள வேண்டும். நானோ திருமண பேனர் மாதிரி எல்லாம் அடங்கும் அளவுக்கு ஃபிரேமையே இழுத்து வைத்திருந்தேன். தாள் ஓடாது, அதனால் ஓடுகிற பொருளை எனக்கு யோசிக்கவே வரவில்லை. குரூப்பை அவிழ்த்ததும் அந்தத் தேர்வு உயிர்பெற்றது. பத்து மாதிரிப் பெயர்களைப் போட்டு ஓட்டினோம். பட்டன் நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

2. கெலாங் பாத்தாவில்

காட்டப் போகும் அன்று காலையில்தான் முதலாளி உண்மையான பட்டியலை அனுப்பினார். நாற்பது பேர், பெக்கான் நானாஸில் ஏறுபவர் முதல் கெலாங் பாத்தாவில் ஏறுபவர் வரை வரிசையாக. நான் அப்படியே ஒட்டினேன். மேலே நாலு பெயர் ஓடுகிறதா, பட்டன் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பாஸுடன் காரில் ஏறினேன்.

கெலாங் பாத்தாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் முதலாளி காத்திருந்தார். கூடவே டிரைவர் மேரியக்கா. ஐம்பது வயது, பஸ் ஓட்டுவதில் கெட்டிக்காரி. ஆப் என்றாலே எரிச்சல், தாளில் டிக் அடித்தே பழகியவர். முதலாளி கைப்பேசியை அவரிடம் கொடுத்து, நிஜமாக ஆள் ஏற்றுகிற மாதிரி ஒவ்வொரு பெயராகப் படிக்கச் சொன்னார். மேரியக்கா சத்தமாகப் படித்தார், பெயர் முடிந்தது, ஜாலானைத் தட்டினார். பஸ் கிளம்பியது என்று திரை காட்டியது. நான் பாஸைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினேன்.

முதலாளி தன் தாளைப் பார்த்தார். "முப்பத்தொம்பதுதான் படிச்ச. ஸ்டெல்லா எங்க?"

ஸ்டெல்லா மேரியக்காவின் மகள். கெலாங் பாத்தாவில் வாழ்க்கைப்பட்டவர், கடைசி நிறுத்தத்தில் ஏறுபவர். அக்கா மறுபடி பட்டியலின் அடிக்குப் போனார். விரலால் இழுத்துப் பிடித்தால் பட்டனுக்கு மேலே ஸ்டெல்லா எட்டிப் பார்த்தார். விட்டால் பச்சைக்கு அடியில் போய்விட்டார். நிலையாக நிற்கும் பட்டன் கடைசி வரியின் மேலேயே நின்றிருந்தது.

"என் மவள நானே விட்டுட்டுப் போறேனா? இதுக்குத் தாளே தேவலாம் லா," என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன். மென்பொருள் கோளாறு என்று சொல்லித் தப்பிக்கலாம் என்றுகூட ஒரு நொடி தோன்றியது. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்தபிறகு பொய் வரவில்லை. கடைசி வரை பார்க்காதது என் தப்பு, பத்து நிமிஷம் கொடுங்கள் என்றேன்.

லெப்டாப்பைத் திறந்தேன். செய்ய வேண்டியது சின்ன வேலை. நாற்பதாவது பெயருக்குக் கீழே, பட்டன் உயரத்துக்குக் கொஞ்சம் காலி இடம். பேனர் தொழிலில் காலி இடம் பாவம். ஒரு கை அகலம் விட்டால் அங்கே மாமா படத்தைப் போடச் சொல்வார்கள். அன்று முதல் தடவையாக வேண்டுமென்றே ஒன்றும் போடாமல் விட்டேன்.

மேரியக்கா மறுபடி முதலிலிருந்து படித்தார். ஒரு பெயரையும் தாண்டவில்லை, அவசரப்படவும் இல்லை. கடைசியில் ஸ்டெல்லா பட்டனுக்கு மேலே முழுசாக வந்து நின்றார்.

"ஏறிட்டா," என்று சொல்லிவிட்டுத்தான் ஜாலானைத் தட்டினார்.

முதலாளி அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா தலையாட்டியதும் சம்மதம் சொன்னார். அடுத்த வாரம் கடிதம் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கழிவறையில் போய் அழுதேன்.

இப்போது புதிதாக வருபவர்கள் புரோட்டோடைப்பைக் காட்ட வந்தால், மேல்பக்கத்தை எவ்வளவு அழகாகச் செய்திருந்தாலும் நான் பார்ப்பதில்லை. நேராக அடிக்குத் தள்ளுவேன். சும்மா ஒரு பெயர்தானே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்த ஒரு பெயருக்கு உரியவர் பையை மாட்டிக்கொண்டு சாலையோரத்தில் நிற்கிறார், அவரைப் பெற்றவர்தான் வண்டி ஓட்டுகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.