கண்ணையாவுக்கு ஒரு நிமிட மௌனம்

போன ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சிரம்பானில் ஒரு மண்டபத்தில், பாடகர் கண்ணையாவுக்காக நாங்கள் எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினோம்.

கண்ணையாவும் எழுந்து நின்றார்.

நீங்கள் தப்பாகப் படிக்கவில்லை. உயிரோடு இருக்கிற ஒரு மனிதர் தன்னுடைய அஞ்சலிக்குத் தானே கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து நின்றார். நடந்து ஐந்து நாளாகிறது. எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை. இந்த வாரம் வேறு எதையோ எழுதுவதாக இருந்தேன்... அது கிடக்கட்டும்.

இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். இருபது வருடத்துக்கு முன்னால், எழுபதுகளில், ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் ‘இடிமின்னல் பாய்ஸ்’ என்றால் தெரியாத ஆள் கிடையாது. ஐந்து பேர். எல்லோரும் தோட்டத்துப் பிள்ளைகள். எலெக்ட்ரிக் கிதார், டிரம் செட், தோளைத் தொடும் முடி, தரையைக் கூட்டும் பெல்பாட்டம். கோயில் திருவிழாவில் மேடை கிடைத்தால் சாமி பாட்டில் ஆரம்பிப்பார்கள். மூன்றாவது பாட்டில் ராக் ஆகிவிடும். தோட்ட ஆபீஸ் குமாஸ்தாவான பெரிய கிராணி காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போவார். நாங்கள் விசில் அடிப்போம்.

குழுவுக்குத் தலைவர் கிதார் வாசித்த ரெங்கன். ஆனால் நாங்கள் போனது கண்ணையாவுக்காக.

காலையில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுவார். சாயங்காலம் பாடுவார். கரகரவென்று ஒரு குரல். அதைக் கேட்டால் முதுகுத்தண்டு சிலிர்க்கும். அவர்களே எழுதி மெட்டமைத்த மழைப் பாட்டு ஒன்று உண்டு. மழை பெய்தால் மரம் சீவ முடியாது. வேலை இல்லை. அந்த மழையோடு ஒரு தொழிலாளி சண்டை பிடிக்கிற பாட்டு. கடைசியில் “நில்லு!” என்று ஒரு கத்து கத்துவார் பாருங்கள்... எனக்கு அப்போது பதினேழு வயது. மழை நின்றுவிடும் என்றே நம்பினேன்.

எண்பதுகளின் நடுவில் குழு கலைந்தது. ரெங்கன் சிரம்பானில் லோபாக்குக்கு வந்து ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை போட்டார். கண்ணையா தோட்டத்திலேயே தங்கிவிட்டார். ரப்பரை அழித்து எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டபோது குலை ஏற்றும் லோரிக்கு டிரைவர் ஆனார் என்று கேள்விப்பட்டேன்.

கேள்விப்பட்டேன் — அவ்வளவுதான். போய்ப் பார்த்தேனா? பத்து வருடத்தில் ஒருமுறைகூட இல்லை.

போன மாதம் என் பள்ளித் தோழன் தங்கராஜ் கையில் ஒரு போஸ்டரோடு வீட்டுக்கு ஓடி வந்தான். லோபாக்கில் எலெக்ட்ரீஷனாக இருக்கிறான். நாற்பதை நெருங்குகிறவன், படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான்.

“டேய், பாத்தியா? இடிமின்னல் பாய்ஸ் திரும்ப வர்றாங்கடா! ஆறு ஊர்ல ஷோ. மொத ஷோ இங்கதான். கண்ணையா வர்றாருலா!”

போஸ்டரின் நடுவில் கண்ணையா. பழைய படம். மைக்கைக் கடித்துவிடுகிற மாதிரி வாய் திறந்து, முடி பறக்க. வேறு பாடகர் என்று எங்கேயும் ஒரு வார்த்தை இல்லை.

நான் என்ன செய்தேன்? இதே பத்திரிகைப் பத்தியில், “அதே குரல் மீண்டும் வருகிறது, தவறவிடாதீர்கள்” என்று எழுதினேன். யாரையாவது கேட்டேனா? இல்லை. போஸ்டரைப் பார்த்தேன், எழுதினேன். அதை நம்பி டிக்கெட் வாங்கியவர்கள் என்னைத் திட்டலாம். திட்டிக் கடிதம் போட்டால் வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி. மண்டபம் நிறைந்துவிட்டது. போர்ட்டிக்சனிலிருந்தெல்லாம் வேன் எடுத்து வந்திருந்தார்கள். பேண்டுக்கு மேல் தொந்தி தள்ள, பழைய பூப்போட்ட சட்டையைப் பொத்தான் போட முடியாமல் போட்டு வந்த ஆட்களைப் பார்க்கவே சந்தோஷமாக இருந்தது.

திரை விலகியது. ரெங்கன் நின்றார். பழைய டிரம்மர், பழைய கீபோர்டு, பழைய பேஸ் கிதார். நால்வரும் நரைத்துப்போய் நின்றார்கள். கைதட்டல் கூரையைத் தூக்கியது.

ஐந்தாவதாக ஒரு பையன் ஓடி வந்து மைக்கைப் பிடித்தான். இருபத்துநான்கு வயது இருக்கும். பிரேம் என்று பெயர் சொன்னான்.

“யாருடா இவன்?” என்றான் தங்கராஜ்.

முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது முடிந்தது. கண்ணையா வரவில்லை. பையன் மோசமாகப் பாடினானா? அதுதான் இல்லை. நன்றாகவே பாடினான். அதனாலேயே எங்களுக்கு எரிச்சல் ஏறியது. “கண்ணையா எங்க?” என்று பின்வரிசையில் ஒரு குரல். அப்புறம் பத்துக் குரல். “போஸ்டர்ல யாரு, மேடையில யாரு? ஏமாத்து வேலையா?” தங்கராஜ் நாற்காலி மேலேயே ஏறிவிட்டான். நானும் கத்தினேன். மறைக்கவில்லை. தொண்டை கட்டும் வரை கத்தினேன்.

பையன் முகம் வெளுத்துவிட்டது. ரெங்கன் கிதாரை இறக்கி வைத்துவிட்டுத் தன் முன்னால் இருந்த மைக்கை எடுத்தார். கர்ச்சீப்பால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

“நம்ம கண்ணையா... இன்னிக்கு நம்மகூட இல்ல. அவனுக்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌனமா நிக்கணும்னு கேட்டுக்கறேன்.”

மண்டபம் அப்படியே அடங்கியது. நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தங்கராஜ் நாற்காலியிலிருந்து இறங்கித் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எல்லோரும் எழுந்து நின்றோம்.

ஒரே ஒரு பெண் மட்டும் எழவில்லை. எனக்கு நான்கு வரிசை முன்னால், பச்சைச் சேலை கட்டி, நேராக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற மனிதரை நான் முதுகுப்பக்கமாகத்தான் பார்த்தேன். மை பூசிய தலை, தடித்த கழுத்து. யாரோ என்று நினைத்தேன்.

நிமிடம் முடிந்ததும் அந்தப் பெண் எழுந்து நடந்தார். ஓடவில்லை. நடுப்பாதையில் நிதானமாக நடந்து, படியேறி, மேடையில் நின்றார்.

“அந்த மைக்கக் குடு.”

ரெங்கன் கொடுக்கவில்லை. அவரைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனார். பையன்தான் தன் மைக்கை நீட்டினான்.

“எம் பேரு பாக்கியம். கண்ணையா பொண்டாட்டி. எங்கழுத்துல தாலி இருக்கு, நெத்தியில பொட்டு இருக்கு, நல்லா பாத்துக்குங்க. காலையில இவருக்குத் தோசை சுட்டுப் போட்டுட்டுத்தான் வந்தேன். செத்தவன் நாலு தோசை தின்னுட்டு அஞ்சாவது கேப்பானா?”

யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை.

“அந்தா நிக்கிறாரு எம் புருசன். நீங்க எந்திரிக்கச் சொன்னீங்கன்னு அவரும் எந்திரிச்சு நிக்கிறாரு. எந்த வீட்டுப் பொம்பளயாவது இதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாளா?”

எல்லாத் தலைகளும் திரும்பின. அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். கன்னம் தொங்கியிருந்தது. ஆனால் அந்தக் கண்கள்... கண்ணையா அண்ணன்தான்.

பையன் ரெங்கனைப் பார்த்துக் கேட்டான். ரெங்கன் கையிலிருந்த மைக் அணைக்கப்படவில்லை. முழு மண்டபத்துக்கும் கேட்டது.

“அண்ணே, ஹார்ட் அட்டாக்ல போயிட்டாருன்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவ்வளவுதான். மண்டபம் வெடித்தது. தண்ணீர் போத்தல்கள் பறந்தன. ஆட்கள் மேடையை நோக்கிப் பாய்ந்தார்கள். ரெங்கன் திரைக்குப் பின்னால் ஓடிவிட்டார். அகப்பட்டவன் பையன்தான். முன்னால் போன ஒருவன் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான்.

கண்ணையா அண்ணன் எப்படி அங்கே போனார் என்று தெரியாது. அந்தக் கையைப் பிடித்து விலக்கிவிட்டுப் பையனுக்கு முன்னால் நின்றார்.

“இவன் மேல கை வைக்காதீங்க. இவனுக்கும் பொய்தான் சொல்லியிருக்கானுங்க.”

“நீ பாடு கண்ணையா! நீ பாடுண்ணே!” என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். டிரம்மர்கூடக் குச்சியைக் கையில் எடுத்துவிட்டார்.  கண்ணையா அண்ணன் இல்லை என்று தலையை அசைத்தார்.

“மாட்டேன். ஒரு போன் போட்டு, ‘ஒனக்குக் கொரலு போயிடுச்சு, நீ வேணாம்’னு ரெங்கன் சொல்லியிருந்தா, நானே வந்து இந்தத் தம்பிக்கு மால போட்டிருப்பேன். என்னைச் சாகடிச்சிட்டு நடத்துற கச்சேரியில நான் பாட மாட்டேன். வா பாக்கியம்.”

மனைவியோடு இறங்கிப் போனார். பாதி மண்டபம் அவர் பின்னால் போனது. மீதிப் பாதியும் சற்று நேரத்தில் கலைந்தது.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் அந்தப் பையன் ஓடி வந்து பாக்கியம் அக்காவின் காலில் விழப்போனான். அவர் தடுத்துவிட்டார். கண்ணையா அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ நல்லா பாடுறே. அதான் எனக்கு வயித்தெரிச்சல். மோசமா பாடியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேன்.”

சொல்லிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். இவ்வளவு நேர்மையாக ஒரு மனிதர் பேசி நான் கேட்டதில்லை.

நான் திரும்பி உள்ளே போனேன். ரெங்கன் மேடைக்குப் பின்னால் வயர் சுற்றிக்கொண்டிருந்தார். கை சுற்றிய இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

“ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?”

“அவன் செத்துட்டான்னு நான் சொல்லலையே. நம்மகூட இல்லன்னுதானே சொன்னேன்?”

“அப்ப மௌன அஞ்சலி எதுக்கு? பையன்கிட்ட ஹார்ட் அட்டாக்னு சொன்னது எதுக்கு?”

 வயரைக் கீழே போட்டார்.

“நீ நெஞ்சத் தொட்டுச் சொல்லு. கண்ணையாவுக்கு வயசாயிடுச்சு, புதுப் பையன் பாடுறான்னு போஸ்டர் அடிச்சா நீ வருவியா? வர மாட்டே. உசுரோட இருக்கறவன் எடத்துல இன்னொருத்தன் நின்னா கத்துவீங்க. செத்துட்டான்னு சொன்னா எந்திரிச்சு நிப்பீங்க. நீங்க எல்லாரும் அப்படித்தான்லா.”

எவ்வளவு திமிர்! ஒரு மனிதனின் படத்தை வைத்து டிக்கெட் விற்பது, அவனைக் கேட்காமலே கொன்றுவிடுவது, அப்புறம் பழியை எங்கள் தலையில் போடுவது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தேன். இங்கே அச்சில் போட முடியாது. ரெங்கனை நான் மன்னிக்கப்போவதில்லை.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அவர் கேட்ட கேள்வி மட்டும் தூங்கவிடவில்லை. போயிருப்பேனா? அந்தப் பையனுக்குக் கைதட்டியிருப்பேனா? அஞ்சலிக்குப் பத்து நிமிடம் முன்னால் அவனைப் பார்த்துத் தொண்டை கட்டக் கத்தியது யார்? நாங்கள் தேடியது போஸ்டரில் இருந்த இருபத்தெட்டு வயதுக்காரரை. லோரி ஓட்டுகிற கண்ணையாவை எங்களில் யார் தேடினோம்? நான்கு வரிசை தள்ளி நின்றவரை அடையாளம் தெரியாமல் அவருக்காகக் கண்ணீர் விட்ட மகா ரசிகன் அல்லவா நான்!

புதன்கிழமை தங்கராஜின் மோட்டார் சைக்கிளில் ரந்தாவ் பக்கம் தோட்டத்துக்குப் போனோம். கண்ணையா அண்ணன் குலை ஏற்றப் போயிருந்தார். பாக்கியம் அக்கா தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“போஸ்டரைப் பாத்ததுலேர்ந்து மனுசன் லோரியில பாடிக்கிட்டே போவாரு. இன்னிக்குக் கூப்புடுவானுங்க, நாளைக்குக் கூப்புடுவானுங்கன்னு ஆபீசு போனையே பாத்துக்கிட்டிருந்தாரு. யாரும் கூப்புடல. அப்புறம் அவரே சொல்லிக்கிட்டாரு... ‘மேடையிலேர்ந்து திடீர்னு கூப்புடப் போறானுங்க பாக்கியம், அதுக்குத்தான் சொல்லாம வச்சிருக்கானுங்க’ன்னு. தலைக்கு மையெல்லாம் பூசிக்கிட்டாரு.”



பிரேம் மறுநாளே குழுவிலிருந்து விலகிவிட்டானாம். மற்ற ஐந்து ஊர்களுக்கு ரெங்கன் என்ன செய்யப்போகிறார், தெரியாது. அந்தப் பையன் பாட வேண்டும் என்பதே என் ஆசை. அவன் பெயரில், அவன் படம் போட்டு. அப்படி ஒரு நிகழ்ச்சி நடந்தால் முதல் வரிசையில் உட்காருவேன். கத்த மாட்டேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு கார்கள் வாசலில் வந்து நின்றன. கையில் பழக்கூடைகளோடு ஆட்கள் இறங்கினார்கள். பாக்கியம் அக்கா பெருமூச்சு விட்டார்.

“மூணு நாளா இப்படித்தான். பத்து வருசத்துல வராத கூட்டம். உசுரோட இருக்காரான்னு பாக்க வர்றாங்க.” கோப்பியை என் கையில் கொடுத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார். “செத்தாத்தான் வரணும்னு இல்ல தம்பி. சும்மாவும் வரலாம்.”

கோப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ரந்தாவ் போகிறேன். விசேஷம் ஒன்றும் இல்லை. சும்மாதான்.