குதிரைத்தலையும் ஒரு மழையும்

அருப்புக்கோட்டையில் என் வீட்டு மாடியில் நின்றால் பெரிய நட்சத்திரங்களே பாதிதான் தெரியும். தெருவிளக்கு, கல்யாண மண்டபத்து விளக்கு, போதாததற்கு எதிர்வீட்டுக்காரர் திருடனுக்குப் பயந்து போட்ட ஃபோகஸ் லைட்டு. அதனால் டெலஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு எம்.ரெட்டியபட்டிக்கு அந்தப் பக்கம் காட்டை ஒட்டி இருக்கும் அக்கா வீட்டு மாடிக்குத்தான் போவேன்.

போன கார்த்திகையில் குதிரைத்தலை நெபுலாவை, குதிரைத் தலை மாதிரி தெரியும் விண்வெளித் தூசித் திரளை, படம் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கே தெரியாத மங்கல் அது. மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் உருவம் தேறும். மெல்லிய மேகம் குறுக்கே போனாலும் அந்தப் படம் குப்பைதான். ஏழு ராத்திரி உட்கார்ந்ததில் உருப்படியாகக் கிடைத்தது இரண்டு ராத்திரிதான். இன்னும் ஒரே ஒரு நல்ல ராத்திரி போதும். நிலா வளர்ந்துவிட்டால் அதுவும் போச்சு.

இதில் ஒரு சங்கடம். அந்த நெபுலா நமக்கு வசதியாக மேலேறி வருவதும் மழை மாதத்தில்தான். அக்கா வீட்டில் நாலு ஏக்கர் மானாவாரி மக்காச்சோளம். கதிர் பிடிக்கிற நேரத்தில் மழை நின்றுபோய், பகலெல்லாம் தோகை சுருண்டு கிடந்தது. அவர்களுக்கும் வேண்டியது ஒரே ஒரு மழைதான்.

அன்று சாயங்காலம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. அக்கா வீட்டுக்காரர், என் மச்சான், வாசலில் நின்ற பைக்கை நனையாமல் இருக்க உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா? அக்காவிடம் காபியை வாங்கிக்கொண்டே, "இன்னைக்கு ஒருநா மட்டும் பெய்யாம இருந்தா போதும்" என்றேன்.

அக்கா முகம் மாறிவிட்டது. "ஏலே, என்ன பேச்சுப் பேசுற? அதுவும் அவுக காதுல விழுகுற மாதிரி."

"சும்மா சொன்னேங்க்கா" என்று சமாளித்தேன். வெட்கமாகப் போய்விட்டது. சும்மா சொல்லவில்லை என்று அவளுக்கும் தெரியும். மச்சான் பைக்கை நிறுத்திப் பூட்டிக்கொண்டிருந்தார்.

நாலு சொட்டு விழுந்தது. மண்ணில் வாசம்கூட எழும்பவில்லை. ஒன்பது மணிக்கெல்லாம் மேகம் கலைந்து, வானம் கழுவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. லென்ஸில் படிந்த ஈரத்தை ஹேர் டிரையரால் காயவைத்துவிட்டுப் படம் எடுக்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் பளிச்சென்று வந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் மாடியேறி வந்தார். லேப்டாப் பக்கம் திரும்பவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கிழக்கே எங்காவது மின்னுகிறதா என்று வெகுநேரம் பார்த்தார்.

"தெளிஞ்சிருச்சு" என்றார்.

"ஆமா மச்சான்." குரலை எவ்வளவோ தணித்துத்தான் சொன்னேன். அதில் இருந்த சந்தோஷம் அவருக்குக் கேட்டிருக்கும்.

"படம் நல்லா விழுதா மாப்ள?"

"விழுது மச்சான்."

"சரி, நம்மள்ல ஒருத்தருக்காச்சும் ஆகட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் மனசாரத்தான் சொன்னார்.